மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள்

தலைசுற்றல் என்று காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, அங்கிருந்து நரம்பியல் மருத்துவரிடம் போய், தலையை ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்று ஆன பிறகு மனநலப் பிரிவுக்கு வந்து சேர்கிறவர்கள் உண்டு. கையில் ஒரு மஞ்சள் பை நிறைய ரிப்போர்ட் இருக்கும். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சமீபத்தில் ஏதாவது மாத்திரையை விட்டீர்களா?" என்றுதான். இல்லவே இல்லை என்பார்கள். கூட வந்த மகள் மெதுவாகச் சொல்லும்: "அப்பா, கால் எரிச்சலுக்குன்னு ஒரு கேப்சூல் சாப்பிட்டீங்களே, அதை விட்டுட்டீங்கதானே?"

அந்தக் கேப்சூல் பெரும்பாலும் டுலாக்செடினாக இருக்கும். அது மனச்சோர்வுக்கான மருந்து. சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கும் அதைக் கொடுப்பார்கள். ஒற்றைத் தலைவலிக்கு இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் ஒரு மனச்சோர்வு மருந்துதான். சாப்பிடுகிறவருக்கு அது வெறும் 'நரம்பு மாத்திரை'. எரிச்சல் குறைந்ததும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். திடீரென்று விடக்கூடாத மாத்திரை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மனச்சோர்வுக்காகவே சாப்பிடுகிறவர்கள் நிறுத்தும் கதை வேறு. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு பெண் நிறுத்துகிறார். மாலை போட்டிருக்கிறேன், இப்போது மனசு தெளிவாக இருக்கிறது என்று ஒருவர். நாட்டு மருந்து ஆரம்பித்தாயிற்று, இங்கிலீஷ் மருந்து சேரக்கூடாது என்று இன்னொருவர். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அட்டையை மறந்துவிட்டுப் போனவர்களும் இதில் சேர்த்தி. ஆனால் மிகப் பெரிய கூட்டம், "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டவர்கள்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றாக ஆவதற்குத்தானே மாத்திரை கொடுத்தோம்?

நிறுத்திய முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தொடங்கும். சளிக்காய்ச்சல் வரப்போவது போல உடம்பு வலி, குமட்டல், வியர்வை. கப்பலில் நிற்பது போன்ற ஆட்டம். தூக்கம் கெடும், தூங்கினாலும் சினிமா மாதிரி கனவுகள். காரணமில்லாமல் அழுகை வரும், வீட்டில் இருப்பவர்கள் மீது வள்ளென்று விழத் தோன்றும். இதோடு பலர் விநோதமான ஒன்றைச் சொல்வார்கள்: கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பும்போது தலைக்குள் சட்டென்று ஷாக் அடிப்பது போல ஒரு வெட்டு. ஒரு நொடிதான். "மூளைக்குள்ள கரண்ட் பாயுது டாக்டர்" என்பார்கள். வலிப்பு வரப்போகிறதோ என்று நடுங்கிப் போய் வருவார்கள். இந்த வெட்டு வலிப்பு அல்ல. இந்த மருந்துகளை விடும்போது வருகிற, நன்றாக அறியப்பட்ட ஓர் அறிகுறி.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. இமிப்ரமின் என்ற ஆரம்பகால மருந்தை நிறுத்தும்போது இப்படி ஆகிறது என்று 1959-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் 'லேசாக இருக்கும், ஓரிரு வாரத்தில் போய்விடும்' என்றே எங்கள் துறை வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. பலருக்கு அது உண்மைதான். சிலருக்கு மாதக்கணக்கில் நீள்கிறது. பிரிட்டனின் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2019-ல்தான் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2024-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் 100-க்கு சுமார் 31 பேருக்கு ஏதாவது ஓர் அறிகுறி வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 100-க்கு 17 பேருக்கு வந்தது. கடுமையாக வந்தது 100-க்கு சுமார் 3 பேருக்கு. பயந்து நடுங்க வேண்டிய கணக்கு இல்லை. ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவர் நம் வீட்டில் இருந்தால் சதவீதம் பேசிப் பயனில்லை.

எந்த மருந்து என்பதைப் பொறுத்தும் மாறும். வென்லாஃபாக்சினில் பாதி ஏறத்தாழ 5 மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும், அதிலிருந்து உண்டாகும் துணைப்பொருளும் 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலை வேளை மாத்திரையை மறந்தால் மறுநாளே கண்டுபிடித்துவிடுவார்கள். பராக்ஸெடினும் அப்படித்தான் படுத்தும். ஃப்ளூவாக்செடின் இதற்கு நேர்மாறு. அதுவும் அதன் துணைப்பொருளும் வாரக்கணக்கில் உடலில் தங்கித் தானாகவே மெல்லக் குறையும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் இரண்டும் நடுவில்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மூன்றாம் நாள் இப்படியெல்லாம் ஆனதும் பயந்து, பழைய மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். மறுநாளே சரியாகிவிடுகிறது. உடனே அவரும் வீட்டாரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "நோய் போகவே இல்லை. இந்த மாத்திரை இல்லாமல் இனி வாழவே முடியாது." சில நேரம் மருத்துவரும் அதையே சொல்லி, டோஸைக்கூட ஏற்றிவிடுகிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனச்சோர்வு குறைய இந்த மாத்திரைகளுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், முதல்முறை சாப்பிட்டபோது அதைக் கண்ணாரப் பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் சரியானது என்றால் வந்தது மனச்சோர்வு அல்ல, மருந்தை விட்டதால் வந்த தொல்லை.

நாள் கணக்கும் உதவும். நிறுத்திய சில நாட்களுக்குள் வந்தால் மருந்தை விட்டதால் வந்த தொல்லையாக இருக்க வாய்ப்பு அதிகம். வாரங்கள், மாதங்கள் கழித்து, ஒவ்வொன்றாக ஆசை விட்டுப்போய், சாப்பாடு பிடிக்காமல், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் தலைதூக்கினால் அது நோய் திரும்புவது. ஷாக் அடிப்பதும் தலைசுற்றுவதும் மனச்சோர்வில் பொதுவாக வருவதில்லை. அழுகையும் தூக்கமின்மையும் இரண்டிலும் வரும் என்பதால்தான் குழப்பம். அதனால் காலண்டரில் நிறுத்திய தேதியையும் குறைத்த தேதியையும் எழுதி வையுங்கள். எனக்கு எந்த ஸ்கேனையும்விட அந்தத் தேதி உபயோகம்.

நோய் நிஜமாகவே திரும்புவதும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. பிரிட்டனில் நீண்டகாலம் மருந்து சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களை வைத்துச் செய்து 2021-ல் வெளியான ஆய்வில், நிறுத்தியவர்களில் 56% பேருக்கும், தொடர்ந்தவர்களில் 39% பேருக்கும் ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது. ஆக, நிறுத்தலாமா என்பது முதலில் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி. பலமுறை நோய் வந்துபோனவருக்கும், முதல்முறை வந்து தெளிந்தவருக்கும் ஒரே பதில் கிடையாது.

நிறுத்தலாம் என்று முடிவானால், எப்படிக் குறைப்பது? 'பாதி மாத்திரை இரண்டு வாரம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் ஸ்டாப்' என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் நிறைய. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத யோசனை. சீக்கிரம் வெளியேறும் மருந்தில் அது ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் இறக்கம், நோயாளிதான் ஊசலாடுவார். தினமும் சாப்பிட வேண்டும், அளவைத்தான் குறைக்க வேண்டும்.

குறைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மூளையில் செரோடோனின் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் இடங்களில் எத்தனையை மருந்து பிடித்துக்கொள்கிறது என்று படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிட்டலோபிராம் 20 மி.கி. சாப்பிட்டால் சுமார் 80% பிடிக்கும். அதைப் பாதியாக்கி 10-க்கு வந்தாலும் பிடி 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. 2 மி.கி. அளவில்கூட 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அதாவது 20-லிருந்து 10-க்கு வருவது சின்ன இறக்கம். கடைசி 2 மில்லிகிராமை விடுவதுதான் பெரிய பள்ளம். 'பாதிக்குக் குறைச்சப்ப ஒண்ணுமே தெரியல, கடைசித் துண்டை விட்டதும் படுத்துட்டேன்' என்று நோயாளிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதனால் ஆரம்பத்தில் கொஞ்சம் தாராளமாகவும், கீழே வரவர மிகச் சிறிதாகவும் குறைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம் நின்று பார்க்கலாம். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவருக்குப் பல மாதம் பிடிக்கலாம், பிடிக்கட்டும்.

நடைமுறையில் இதற்கு மாத்திரை அளவே தடை. எஸ்சிட்டலோபிராம் 5 மி.கி. கிடைக்கும். மெடிக்கலில் விற்கும் மாத்திரை வெட்டியால் அதைப் பாதியாக்கலாம். அதற்கும் கீழே போக, திரவ மருந்து கிடைக்குமா என்று மருத்துவரைக் கேளுங்கள். டெஸ்வென்லாஃபாக்சின் போல மெல்லக் கரையும் மாத்திரைகளை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. அவற்றை நிறுத்த முடியாமல் திணறுபவர்களுக்குச் சில நேரம் ஃப்ளூவாக்செடினுக்கு மாற்றி, அதன் வழியாக இறக்குவோம்.

ஒரு படி இறங்கி மிகவும் சிரமப்பட்டால், முந்தைய அளவுக்கே திரும்பி, நிலைகொண்டதும் இன்னும் சிறிய படியாக முயலலாம். பரீட்சை மாதம், வீட்டில் விசேஷம், வேலை மாற்றம் இருக்கும்போது தொடங்காதீர்கள். தலைசுற்றல் இருக்கும் நாட்களில் டூவீலரை எடுக்க வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று குடிப்பது காரியத்தைக் கெடுக்கும். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள், எரிந்து விழுந்தால் காரணம் புரியும். ஒரு வேளை மாத்திரையை மறந்தால், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பயத்தில் நிறுத்திவிட்டு வருகிற பெண்களுக்கு: நிறுத்துவதற்கு முன்னால் வாருங்கள், அம்மா. பல மருந்துகளைத் தொடர முடியும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, நிலைகொள்ளாத பதற்றம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில், 14416-ல், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. எஸ்சிட்டலோபிராமும், பதற்றத்தைத் தணிக்கும் குளோனசெபமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது இங்கே சர்வ சாதாரணம். பழைய சீட்டை நீட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதைத் திடீரென்று விட்டால் இரண்டு மருந்தும் ஒரே நாளில் நிற்கும். மனச்சோர்வு மருந்துக்கு உடல் பழகிப்போகும், அதனால்தான் விடும்போது தொல்லை. ஆனால் அது போதைபோல அடிமையாக்குவதில்லை. டோஸ் போதவில்லை என்று ஏங்க வைக்காது. குளோனசெபம் அப்படியல்ல. அதைச் சட்டென்று நிறுத்தினால் நிஜமான வலிப்பே வரலாம். உங்கள் அட்டையின் பின்புறம் இரண்டு மருந்துப் பெயர்கள் இருந்தால், நீங்களாக ஒரு துண்டுகூடக் குறைக்காதீர்கள். இரண்டையும் தனித்தனி மாத்திரையாகப் பிரித்து, ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்.

மருந்தை மாற்றும்போதும் இதே தொல்லைகள் வரலாம். செர்ட்ராலினிலிருந்து எஸ்சிட்டலோபிராமுக்கு மாறினால் ஒன்றின் வேலையை மற்றது பார்த்துக்கொள்ளும். மிர்டாசபினோ புப்ரோபியனோ அப்படித் தாங்காது, அவை வேறு வழியில் வேலை செய்பவை. பழையதை விட்டதால் வரும் குமட்டலையும் ஆட்டத்தையும் புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதையும் விட்டுவிடுகிறார்கள். பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதை ஏற்றும் முறையில் தேதி போட்டு எழுதித் தந்திருந்தால் அதை அப்படியே பின்பற்றுங்கள். மிச்சம் இருக்கிறதே என்று பழைய அட்டையையும் முழு அளவில் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். செரோடோனின் அளவுக்கு மீறினால் கைகால் நடுக்கம், உதறல், கொட்டும் வியர்வை, பேதி, காய்ச்சல், குழப்பம் என்று சில மணி நேரத்திலேயே முற்றும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால் சேர்ந்தாலும் இது வரலாம். ஃப்ளூவாக்செடினை நிறுத்தி வாரங்கள் ஆன பிறகும் இந்த ஆபத்து மிச்சமிருக்கும். அப்படி ஏதாவது தெரிந்தால், வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், காலி அட்டை உட்பட, எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.