பால் குடித்ததும் பீய்ச்சி வாந்தி எடுக்கும் கைக்குழந்தை: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோருக்குக் காப்பீட்டு வழி

பிறந்து இரண்டு, மூன்று வாரம் நன்றாகப் பால் குடித்த குழந்தை, பிறகு ஒவ்வொரு முறை குடித்ததும் வாந்தி எடுக்க ஆரம்பிக்கிறது. வாயோரம் வழிகிற சாதாரண எதுக்களிப்பு அல்ல இது. பீய்ச்சிக்கொண்டு போய் எட்டி விழும். வருவது குடித்த பால்தான், சில நேரம் திரிந்திருக்கும். எடுத்து முடித்ததுமே பசி என்று மறுபடி அழும். (வாந்தி பச்சையாக வந்தால் அது வேறு பிரச்சினை, இன்னும் அவசரம். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.)

இதற்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் பைலோரிக் ஸ்டெனோசிஸ். இரைப்பையிலிருந்து குடலுக்குப் பால் இறங்கும் வழியைச் சுற்றியுள்ள தசை தடித்து, வழியை அடைத்துவிடுகிறது. ஆண் குழந்தைகளுக்கு நான்கு மடங்கு அதிகம் வரும், அதிலும் தலைப்பிள்ளைகளுக்கு. தாய் எதையோ சாப்பிட்டதால் வந்தது என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வசம்பு, கிரைப் வாட்டர், தொக்கம் எடுப்பது என்று போகிற நாட்கள்தான் ஆபத்து. இதற்கு அறுவை சிகிச்சைதான் உறுதியான தீர்வு. அந்தச் செலவை அரசு ஏற்கிறது, அதனால் பணத்துக்குப் பயந்து நாளைக் கடத்த வேண்டியதில்லை.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடை போடச் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையில் பிறந்த எடை இருக்கும். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை ஐந்தாவது வாரத்திலும் மூன்று கிலோவிலேயே நின்றால், அந்த ஒரு எண்ணே டாக்டருக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது என்பதையும் சொல்லுங்கள். ஒன்றரை மாத ஊசிக்கு எப்படியும் புதன்கிழமை போவோமே, அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அங்கிருந்து தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வயிற்று ஸ்கேனில் தசை 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்திருந்தால் நோய் உறுதி. குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் வேறு ஊரில்தான் என்றால் 108-ல் மாற்றுவார்கள். டிரிப்ஸ் ஏற்றிய பிறகே கிளம்புங்கள், அவசரப்பட்டுச் சொந்த வண்டியில் ஓட வேண்டாம். வாந்தியில் போன உப்புச்சத்து சரியாகும்வரை மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், அதற்கு ஓரிரு நாள் ஆகலாம். "பிள்ளையைச் சேர்த்துட்டுச் சும்மா வச்சிருக்காங்க" என்று சண்டை போடுகிற இடம் இதுதான். உண்மையில் அந்த டிரிப்ஸ்தான் சிகிச்சையின் முதல் பாதி.

இனி செலவு. அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரையுள்ள நோயுற்ற குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம். ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் உரிமை இது, இதற்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் தேவையில்லை. தனியாருக்குப் போக வேண்டி வந்தால்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததா, இந்தச் சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்கூட்டியே கேளுங்கள். ஓசூர், தளி பக்கத்தவர்கள் பெங்களூருக்கு ஓடுவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டும், எல்லைக்கு அப்பால் எல்லா இடத்திலும் இந்த அட்டை செல்லாது. அட்டையே இல்லையென்றால் குழந்தையைச் சேர்த்துவிட்டு, வீட்டில் ஒருவர் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம்.

ஐந்து வாரக் குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் எப்படி இருக்கும்? இருக்காது. அதற்காகப் பின்வாங்காதீர்கள். பெற்றோரின் காப்பீட்டு அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிரசவமான இடத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருப்பவரைப் பாருங்கள். பிறப்பை 21 நாளுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். பிள்ளைக்குப் பெயர் வைக்காவிட்டாலும் பதியலாம், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சாவித்துளை அறுவையா, வயிற்றைத் திறந்தா என்று பலர் கவலைப்படுகிறார்கள். சாவித்துளை முறையில் தொப்புள் வழியாகக் கேமராவும், பக்கத்தில் இரண்டு சின்னத் துளைகளில் கருவிகளும் போகும். திறந்த முறையில் சிறு கீறல். உள்ளே நடப்பது இரண்டிலும் ஒன்றே: தடித்த தசையை மட்டும் நீளவாக்கில் பிளந்துவிட்டு, அடியில் உள்ள மெல்லிய சவ்வைத் தொடாமல் விடுவார்கள். ராம்ஸ்டெட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1912-ல் எழுதிய அதே முறைதான். சாவித்துளையில் தழும்பு குறைவு, முழுப் பால் குடிக்கச் சில மணி நேரம் முன்னதாகத் தொடங்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காகக் கடன் வாங்கிக் கூடுதல் பணம் கட்டுவது வீண் என்பேன். காப்பீட்டில் ஒப்புதல் வாங்கிய சிகிச்சைக்கு மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால், அதே எண்ணில் புகார் சொல்லுங்கள்.

அறுவை முடிந்த சில மணி நேரத்தில் பால் தொடங்குவார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. முதல் ஓரிரு நாள் கொஞ்சம் வாந்தி வரும், பயப்பட வேண்டாம். தொடர்ந்து பீய்ச்சினாலோ காய்ச்சல் வந்தாலோ, வயிறு உப்பினாலோ திரும்பப் போங்கள். வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, விட்டுப்போன ஒன்றரை மாத ஊசியை எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு, நர்சம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.