தொப்பூர் மேட்டில் ஏறிய முள்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும்போது தொப்பூர் மேட்டில்தான் அது நடந்தது. மே மாத மதியம், காரில் ஐந்து பேர், ஏசி வேறு. பாதி ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன மச்சானைத் தடுத்தேன். அந்த மூடி உள்ளே ஏறக்குறைய ஒரு பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தம் அளவுக்கு, கூடுதல் அழுத்தத்தைக் காக்கிறது. அதனால்தான் எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்து வரும் திரவமான கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிப்பதில்லை. சூட்டோடு திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

நன்றாக ஆறவிட்டு, மெதுவாகத் தருமபுரி வந்து சேர்ந்தோம். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் தூக்கும் முன்பே கேட்டார்: "டவுன்ல நிக்கும்போது சூடாகுதா, மேடு ஏறும்போது சூடாகுதா?"

பாதி நோய் இந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். நிற்கும் காருக்குக் காற்று தருவது ஃபேன் மட்டும்தான். நெரிசலில் சூடேறி, பைபாஸில் வேகமெடுத்ததும் முள் இறங்கினால் ஃபேன் மோட்டார், ஃபியூஸ், ரிலே பக்கம் பார்க்க வேண்டும். எங்களுக்கோ டவுனில் தொல்லையே இல்லை, மேட்டில்தான். அப்படியென்றால் கூலன்ட் ஓட்டத்தின் மேல்தான் முதல் சந்தேகம்: வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர்.

தெர்மோஸ்டாட்டின் உள்ளே மெழுகு இருக்கிறது. 80, 90 டிகிரி வாக்கில் அது உருகி விரிந்து, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வால்வைத் திறந்துவிடும். மூடியபடியே சிக்கிக்கொண்டால், முள் சிவப்பில் நிற்கும்போதும் ரேடியேட்டரில் சூடு ஏறாது. எங்கள் காரில் ரேடியேட்டருக்குக் கூலன்ட் வரும் மேல் ஹோஸ் நன்றாகவே சுட்டது, அதனால் தெர்மோஸ்டாட் சிக்கவில்லை. அண்ணன் ஃபேன் ஒயரைக் கழற்றிவிட்டு ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை நகர்த்தினார், பிறகு என்னையும் தொடச் சொன்னார். சுற்றிலும் சூடு, நடுவில் மட்டும் ஒரு கையகலம் ஆறிக் கிடந்தது. அங்கே குழாய்கள் அடைத்திருந்தன.

கழற்றிப் பார்த்தால், வெந்நீர்ப் பாத்திரத்தில் படியுமே, அதே வெள்ளை உப்புப் படிவு. போன கோடையில் கூலன்ட் குறையக் குறைய நான்தான் வீட்டு போர் தண்ணீரை ஊற்றினேன். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் படிந்து குழாயைக் குறுக்கின. சூடு வெளியேறவும் விடவில்லை.

புது ரேடியேட்டர் போட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றினார். அப்புறம், கூலன்ட் ஏன் குறைந்தது என்று தேடினார். கீழ் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து, அடியில் பச்சையாகக் கசிந்து காய்ந்திருந்தது.