சப்பாத்தி ஏன் நெஞ்சிலேயே நிற்கிறது?

மெல்போர்னிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். எடை குறைக்க இரைப்பையில் பேண்ட் போட்டு இரண்டு மாதம் ஆகிறதாம். குழைந்த தயிர்சாதம் இறங்குகிறது, அரை சப்பாத்தி நெஞ்சிலேயே நிற்கிறது, தண்ணீர் குடித்தால் இன்னும் மோசம். "வயிற்றைத்தான் சின்னதாக்கிவிட்டார்களே, அப்புறம் எது உள்ளே போனால் என்ன?" என்று கேட்கிறார்.

அவர் வயிற்றை யாரும் சின்னதாக்கவில்லை என்பதுதான் இதில் சுவாரசியமே. இரைப்பையை வெட்டவில்லை, குடலைத் தொடவில்லை. உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிலிகான் வளையத்தை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வளையத்தின் உள்பக்கம் சைக்கிள் ட்யூப் மாதிரி ஒரு பலூன். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்திருக்கும் போர்ட்டுக்கு, அதாவது ஊசி குத்துவதற்கான சின்ன வாய்க்கு, வருகிறது. அதில் ஊசி குத்திச் சில மில்லி சலைன் (உப்புத் தண்ணீர்) ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இப்படி இறுக்கித் தளர்த்தும் பேண்டை அமெரிக்காவில் குஸ்மாக் என்ற சர்ஜன் 1986-ல் பொருத்தினார். எத்தியோப்பியாவில் பிறந்த சர்ஜன் பெலாச்சு 1993-ல் பெல்ஜியத்தில் அதையே லேப்ராஸ்கோப்பி வழியாக, அதாவது சின்னத் துளைகள் போட்டுக் கேமரா விட்டு, செய்தார்.

ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதலில் சில வாரம் கஞ்சித் தண்ணி, சூப், பால் என்று திரவம்தான். பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, ஐந்தாறு வாரத்தில் வழக்கமான சாப்பாடு. வளையத்தைச் சுற்றித் திசு வளர்ந்து அது ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். அதற்குள் கட்டியாகச் சாப்பிட்டு வாந்தி எடுத்தால் இரைப்பை வளையத்துக்குள் நழுவி மேலே வந்துவிடலாம். முதல் சலைனைப் பெரும்பாலும் இந்த ஐந்தாறு வாரம் கழித்துத்தான் ஏற்றுவார்கள். வாசகியின் தொல்லையும் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்திருக்கும்.

சரி, சப்பாத்திக்கு வருவோம். உணவுக்குழாயின் அலையியக்கம் பள்ளியில் படித்ததுதான்: தசை மேலிருந்து கீழாகச் சுருங்கி உணவைத் தள்ளும். சாதாரணமாக ஒரு வாய்க்கு ஓர் அலை போதும். பேண்ட் போட்டவர்களுக்குப் போதாது. அலை வந்து மோதும், கவளத்தில் கொஞ்சம் வளையத்தைத் தாண்டும், மீதி மேலேயே திரும்பி வரும், அடுத்த அலை வரும், இன்னும் கொஞ்சம் தாண்டும். நன்றாக மென்ற ஒரு சின்ன வாய் முழுசாகக் கடக்க இப்படிப் பல அலைகள், கிட்டத்தட்ட ஒரு நிமிடம் பிடிக்கலாம். மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பர்ட்டன், பிரவுன் குழுவினர் உணவுக்குழாய்க்குள் அழுத்தமானி விட்டு இந்த இழுபறியை அளந்தார்கள். வளையம் சரியான இறுக்கத்தில் இருந்தால் மேலே உணவு தேங்கிக் கிடப்பதில்லை என்று தெரிந்தது. வளையத்துக்கு மேலே மிஞ்சும் இரைப்பையின் சின்னப் பை ரொம்புகிறது, அதனால் பசி அடங்குகிறது என்று அதுவரை எல்லோரும் சொன்ன கதை அங்கேயே படுத்துவிட்டது.

அப்படியென்றால் பசி எப்படி அடங்குகிறது? வளையம் உட்கார்ந்திருக்கும் இடத்து இரைப்பைச் சுவரில், வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனிகள் இருக்கின்றன, அழுத்தத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் நுனிகள். வளையம் அவற்றை லேசாக அமுக்கிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு அலையும் வந்து இன்னொரு அமுக்கு அமுக்குகிறது. மூளைக்கு "சாப்பிட்டாச்சு" என்று தகவல் போகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். 2005-ல் வெளிவந்த மெல்போர்ன் ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேண்ட் போட்டவர்களிடம் சொல்லாமலே சலைனைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். வளையம் இறுகியிருந்தபோது, காலையில் எதுவும் சாப்பிடுவதற்கு முன்பே பசி குறைவாக இருந்தது! வெறும் வயிற்றில் ஏது ரொம்பிய பை?

எனக்கு ஒரு ஆற்றாமை. கருவியை உலகம் முழுக்க விற்றுப் பல வருடம் ஆன பிறகுதான் அது எப்படி வேலை செய்கிறது என்று ஒழுங்காக அளந்திருக்கிறார்கள். விற்பதற்குக் கிடைக்கிற பணம் புரிந்துகொள்வதற்குக் கிடைப்பதில்லை. இதற்குள் உலகம் இரைப்பையை வெட்டிக் குறுக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் போயேவிட்டது.

சப்பாத்தி மென்றால் பிசினாகி உருளும், அலையால் அதைத் துண்டு போட முடியாது. அதனால் சுண்டுவிரல் நகம் அளவு பிட்டு, கூழாகும்வரை மென்று, விழுங்கிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். சிக்கினால் தண்ணீர் ஊற்றி இறக்கும் நம் பழக்கம் இங்கே உதவாது. அடைத்த குழாயின் மேல் தண்ணீர் தேங்கி எச்சிலோடு மேலே வரும். ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு போகிறதே என்று அதைத் தேடிப் போனால் எடை குறையாது. எச்சில்கூட இறங்கவில்லை, படுத்தால் புளித்துக்கொண்டு இருமல் வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள், உங்கள் சர்ஜனிடம் போங்கள். வளையம் மட்டும் இறுகிப்போயிருந்தால், ஊசி போட்டுக் கொஞ்சம் சலைனை எடுக்க சில நிமிடம்தான் ஆகும்.