அடிக்கோடு எழுத்துக்கு ஏன் வழிவிடுகிறது?

"வலைப்பக்கத்தில் அடிக்கோடிட்டால் 'படம்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு முழுதாக ஓடுகிறது. 'புழு' என்று எழுதினால் மட்டும் நடுநடுவே அறுந்துபோகிறது. என் கோடிங்கில் பிழையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிழையே இல்லை. பிரவுசர் தெரிந்தே செய்கிற வேலை அது.

கோடு போடும் வழி எல்லோரும் அறிந்ததுதான். பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல்லில் 'யு' டேக், அல்லது தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் 'டெக்ஸ்ட் டெகரேஷன்: அண்டர்லைன்'. வெறும் தோற்றத்துக்கு என்றால் இரண்டாவதே சரி. 1997-ல் வந்த எச்டிஎம்எல் 4, 'யு' டேக்கைத் தவிர்க்கச் சொன்னது. எச்டிஎம்எல் 5 அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது, ஆனால் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டுவது போன்ற வேலைகளுக்காக.

கோடு எங்கே விழ வேண்டும்? அதற்கான எண் ஃபான்ட் கோப்பிலேயே இருக்கிறது; சில பிரவுசர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும், சில தாமே கணக்கிட்டுக்கொள்ளும். எழுத்தின் அளவை 1000 அலகாகப் பிரித்த ஒரு ஃபான்ட்டில் கோட்டின் இடம் மைனஸ் 100 என்று இருந்தால், அதை எடுத்துக்கொள்ளும் பிரவுசரில் 16 பிக்சல் எழுத்துக்கு அடித்தளத்திலிருந்து (எழுத்துகள் உட்காரும் கற்பனைக் கோடு) 1.6 பிக்சல் கீழே கோடு வரும்.

இனிமேல்தான் அழகு. ஒவ்வோர் எழுத்தும் ஃபான்ட்டுக்குள் வளைகோடுகளாலான ஒரு வெளிவரையாக இருக்கிறது. அடிக்கோடு ஓடப்போகிற மெல்லிய பட்டையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பிரவுசருக்குத் தெரியும். அந்தப் பட்டைக்குள் எந்த வளைகோடு நுழைகிறது, இடப்பக்கம் எங்கே தொடங்கி வலப்பக்கம் எங்கே முடிகிறது என்று கணக்கிடுகிறது. இரு பக்கமும் இம்மியளவு இடம் சேர்த்து, அந்தத் துண்டை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் வரைகிறது. 'பு'வின் கால் இறங்கும் இடத்தில் ஒரு இடைவெளி, 'ழு'வின் வால் சுழலும் இடத்தில் இன்னொன்று. 'படம்' முழுக்க அடித்தளத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் வெட்ட எதுவுமில்லை. பள்ளியில் படித்த வெட்டுப்புள்ளிக் கணக்குதான். பக்கம் திறக்கும் நொடிக்குள் சொல் சொல்லாக நடந்து முடிகிறது!

ஆனால் ஒரு குறை. கீழே இறங்கும் எழுத்துகள் ஆங்கிலத்தில் ஐந்தாறுதான். தமிழில் உகர, ஊகார வரிசைகளே ஏராளம். ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும் எண்ணையே தமிழ் ஃபான்ட்டிலும் வைத்தால் கோடு கந்தலாகிவிடும். தமிழ் ஃபான்ட் செய்பவர்கள் இந்த ஒரு எண்ணைத் தமிழுக்கென்றே பார்த்து அமைக்க வேண்டும். அதற்கான உழைப்புக்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவே அல்ல.

அதுவரை நாமே சரிசெய்துகொள்ளலாம். சிஎஸ்எஸ்ஸின் 'டெக்ஸ்ட் அண்டர்லைன் ஆஃப்செட்' என்ற பண்பில் 0.3 எம் (எழுத்தளவில் பத்தில் மூன்று பங்கு) போலக் கொடுத்துப் பாருங்கள்; கோடு சற்றுக் கீழிறங்கி, குட்டை வால்கள் தப்பிவிடும். கோடு அறுபடவே கூடாது என்றால் 'டெக்ஸ்ட் டெகரேஷன் ஸ்கிப் இங்க்' பண்புக்கு 'நன்' என்று கொடுங்கள். எழுத்தின் வாலை வெட்டிக்கொண்டே கோடு ஓடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.