பம்பைக் கழற்றும் முன் ஒரு கோடு

வன்னிப் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் ஏற்றிவிடும், ட்ரக்டர் இன்ஜினுக்கு டீசல் அடிக்கும் பம்புகள், கொழும்பு பஞ்சிகாவத்தையில் நாங்கள் கடை திறக்கும் முன்பே வாசலுக்கு வந்துவிடும். உரப்பைக்குள் போட்டு, கயிற்றால் வரிந்து கட்டியிருப்பார்கள். அவிழ்த்ததும் நான் முதலில் பார்ப்பது லைன், அதாவது டீசல் குழாய், பூட்டும் வாய்களைத்தான். அவை திறந்து கிடந்தால் உமியும் மண்ணும் உள்ளே போயிருக்கும். ஓடித் தேய்ந்த பம்பைப் பார்த்து எனக்குக் கவலை வருவதில்லை. கழற்றிய விதத்தால் கெட்டு வருவதைப் பார்க்கத்தான் வயிறு எரியும்.

போன பெரும்போகத்துக்கு முன் ஒரு ஐயா, பழைய மாஸி பெர்குசன் 135 ட்ரக்டரின் பம்பைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் ஸ்டார்ட் வரவில்லை, ஓடும்போதும் இழுவை இல்லை என்றார். பம்பைச் சோதிக்கும் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தேன், பம்ப் நன்றாகத்தான் அடித்தது.

"ஃபில்டர் வாஷர் எப்ப ஐயா மாத்தினது?"

"அது பழசுதான் தம்பி, கிடக்குது."

அந்த வாஷர் வழியாகத்தான் காற்று இழுத்திருக்கிறது. சில நூறு ரூபாய் வேலைக்குப் பம்பையே கழற்றிவிட்டார். அதனால் பம்பில் கை வைக்கும் முன் ஃபில்டர், அடிக்கிண்ணத்துத் தண்ணீர், டாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்ப், லைன் மூட்டுகள் எல்லாவற்றையும் ஒருதடவை பாருங்கள். 2022 டீசல் வரிசைக் காலத்தில் கேனிலும் பரலிலும் சேமித்த டீசலும், அதில் கலந்த மண்ணெண்ணெயும் எத்தனை பம்புகளைத் தின்றன என்று எங்களுக்குத் தெரியும். இந்த வகைப் பம்புக்குள் தேயாமல் வழுக்கவிடும் எண்ணெயும் டீசலேதான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு இல்லை.

ஐயாவின் பம்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இன்ஜினோடு பூட்டும் விளிம்பான பிளேன்ஜில் மூன்று கோடுகள், பம்ப் இருந்த இடத்தைக் குறிக்க மூன்று மெக்கானிக்குகள் மூன்று காலத்தில் போட்டவை. எது சரியான கோடு? "பிறகு பாத்துப் பூட்டலாம் எண்டு விட்டிட்டன்" என்றார். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் பம்ப், கிராங்க் தண்டு சுற்றுவதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். பம்பில் ஒரு டிகிரி பிசகினால் கிராங்கில் இரண்டு டிகிரி பிசகும். டீசல் அடிக்கும் நேரம் பிந்தினால் வெள்ளைப் புகை, ஸ்டார்ட் சண்டித்தனம். முந்தினால் டக்டக் என்ற அடி, பிஸ்டனுக்கே ஆபத்து. நட்டைத் தொடும் முன், பம்பின் பிளேன்ஜிலும் இன்ஜின் பக்கத்திலும் சேர்த்து உளியால் நேராக ஒரு கீறல் போடுங்கள். பெயின்ட் டீசலில் கரைந்துவிடும். அப்புறம் போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், காசா பணமா?

கழற்றும் முன் பம்பையும் சுற்றுவட்டாரத்தையும் டீசலும் பிரஷும் போட்டுக் கழுவ வேண்டும். இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். பம்புக்குள் சுற்றும் ரோட்டருக்கும் அது சுழலும் தலைக்கும் இடையிலான இடைவெளி மைக்ரோன் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு மண்துகள் போதும், சிராய்த்துவிடும். லைன்களை வளைக்காமல் கழற்றி, ஒவ்வொரு வாயையும் உடனே மூடுங்கள். மூடி இல்லையென்றால் சுத்தமான பொலித்தீனைச் சுற்றி ரப்பர் பட்டி போட்டாலும் சரி. பஞ்சுத் துணி மட்டும் வேண்டாம், நூல் உள்ளே போகும்.

ஐயாவுடையது போன்ற மூன்று சிலிண்டர் இன்ஜினில் பம்பைச் சுற்றும் கியரைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டுகளை, இன்ஜினின் முன்பக்க டைமிங் மூடிக்குள் கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அடியில் ஒரு துணியைத் திணித்துவிட்டு எடுங்கள். ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். பம்ப் வெளியே இருக்கும்போது யாராவது கிராங்க் பண்ணினால் கியரின் இடமும் போய்விடும். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஈய முத்திரை வைத்த ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள், அது எங்கள் பெஞ்ச் வேலை.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூட்டிய பின் காற்றெடுக்கும்போதோ, ஓடும் இன்ஜினில் கசிவு தேடும்போதோ லைனில் விரலை வைக்காதீர்கள். லைன் கசிவிலிருந்தோ, இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நொசிலிலிருந்தோ வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அடையாளம்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருக்காமல், அதே மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் "டீசல் தோலுக்குள் அடித்துவிட்டது" என்று சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவைத் தேட ஒரு கார்ட்போர்ட் மட்டைத் துண்டு போதும்.

பம்பை எங்களுக்கு அனுப்பும்போது நொசில்களையும் சேர்த்தே கட்டி அனுப்புங்கள். பையின் மேல் போன் நம்பரும், ட்ரக்டர் எந்த மாடல் என்பதும் இருக்கட்டும். போன மாதம் வந்த மூன்று பைகளில் பெயர்கூட இல்லை, இன்னும் மூலையில்தான் கிடக்கின்றன.