பழைய பாலத்தின் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குவது எப்படி?

திருநெல்வேலியில் கொக்கிரகுளத்தையும் ஜங்ஷனையும் சேர்க்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843-இல் 11 வளைவுகளோடு திறக்கப்பட்டபோது அதில் ஓடியவை மாட்டு வண்டிகள். அதே ஊரின் ஈரடுக்கு மேம்பாலத்துக்கும் (1973) அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இத்தகைய பாலங்களின் ஆய்வு ஆவணங்களைப் பார்க்க, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 வழி தருகிறது.

பிரிவு 6(1)-இன்கீழ் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையதா மாநகராட்சியுடையதா என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தவறான அலுவலகத்துக்குப் போனால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பவேண்டும் என்கிறது பிரிவு 6(3). 30 நாளில் பதில் வரவேண்டும்.

"பாலம் உறுதியாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள், கருத்துச் சொல்ல மாட்டார்கள். கடைசி ஆய்வறிக்கை, சுமைத்திறன் கணக்கு, பேரிங் (தூணுக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள தாங்கி) மாற்றிய தேதி என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தார் அடுக்கின் மொத்தக் கனத்தையும் விடாதீர்கள். பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுவது நம் ஊர்ப் பழக்கம். 5 செ.மீ. தார் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 115 கிலோ. ஏழரை மீட்டர் அகலமும் நூறு மீட்டர் நீளமும் உள்ள பாலத்தில் ஒரே அடுக்கு 85 டன்னைத் தாண்டும். வண்டியே ஓடாவிட்டாலும் அந்தப் பாரம் இரவும் பகலும் பாலத்தின் மேல்தான். தளம் நீள்வதற்காக விடும் இடைவெளியான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டையும் அதே தார் மூடிவிட்டால், வெயிலில் நீளும் தளத்துக்கு இடமிருக்காது, விரிசல் விடும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் பேரிங்கையும் கம்பியையும் அரிக்கும்.

ஆற்றுப் பாலமென்றால், 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தூண்களின் அடியில் மண்ணரிப்பு அளந்தார்களா என்றும் கேளுங்கள். வெளியே பளிச்சென்று பெயின்ட் அடித்த பாலத்திலும் அடித்தளம் வெளியே தெரிய நிற்கலாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் வளைவாக இருந்தால், இடுக்குகளைச் சிமென்ட்டால் பூசினார்களா என்பதும் முக்கியம். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கல்லை உளுத்துப்போக வைக்கும். இடுக்கில் முளைத்த அரசங்கன்றை மேலே வெட்டினால் மட்டும் போதாது, வேரையும் எடுக்கவேண்டும்.

கனரக வண்டிகளைத் தடுத்திருந்தால் அதன் ஆணை நகலையும் கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-இன்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் தடை அரசிதழில் வந்திருக்கவேண்டும்.

பதிலே வராவிட்டால், கெடு முடிந்த 30 நாளுக்குள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 19(1)-இன்கீழ் முதல் மேல்முறையீடு செய்யலாம். கெடுவை மனு அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து எண்ணுவதால், ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.