பறவை எச்சம் பவளப்பாறையை எப்படி வளர்க்குது?

நம்ம மொரிஷியஸ்ல ரோஸ்ஹில் ஊர்ல டீச்சரா இருக்கிற ஒரு அக்கா கேட்டிருந்தாங்க: "கரும்புக் காட்டு உரம் மழையில அடிச்சுட்டு வந்து லகூன்ல, அதாவது கரைக்கும் பவளப்பாறைக்கும் நடுவுல உள்ள கடல்ல, கலந்தா பவளம் கெட்டுப்போகுதுன்னு சொல்றீங்க, அதுல இருக்கிறது நைட்ரஜன்தானே, பறவை எச்சத்துல இருக்கிற நைட்ரஜன் மட்டும் எப்படி நல்லது பண்ணும்?" அருமையான கேள்வி.

பவளத்தோட உடம்புக்குள்ள பாசி குடியிருக்கு, அது வெயில்ல தயாரிக்கிற சர்க்கரையிலதான் பவளம் பெரும்பாலும் பிழைக்குதுன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம். ஆனா நம்ம கடல் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குன்னா அதுல சத்து ரொம்பக் குறைச்சல்னு அர்த்தம். அந்தக் குறையை நிரப்புறதுல கடல் பறவைங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு, தூரக் கடல்ல மீனும் கணவாயும் தின்னுட்டு தீவுக்குத் திரும்பி மரத்துலயும் மண்ணுலயும் எச்சம் போடும், மழை அதைக் கழுவி பாறைக்குக் கொண்டுபோகும்.

இதைச் சோதிச்சுப் பாத்த இடம் இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற சாகோஸ் தீவுக்கூட்டம். 1968லேர்ந்து 1973க்குள்ள அங்க இருந்த ஜனங்களை எல்லாம் பிடுங்கி எறிஞ்சாங்க, நிறைய பேர் நம்ம போர்ட் லூயிக்குத்தான் வந்து சேர்ந்தாங்க, அந்த அநியாயத்தைச் சொல்லாம சாகோஸைப் பத்தி எழுத என்னால முடியாது. இப்போ அங்க பெரும்பாலான தீவுகள்ல ஆள் கிடையாது, சாக்கடையும் உரமும் கிடையாது. சில தீவுல பழைய காலத்துக் கப்பல்ல வந்த எலி இருக்கு, அது முட்டையையும் குஞ்சையும் தின்னுடும், சில தீவுல எலியே இல்ல. நிக் கிரஹாம்ங்கிற பவளப்பாறை ஆய்வாளரோட குழு எலி உள்ள தீவு 6, இல்லாத தீவு 6 எடுத்து ஒப்பிட்டு 2018ல நேச்சர் இதழ்ல வெளியிட்டாங்க: எலி இல்லாத தீவுல பறவை 760 மடங்கு அதிகம், மண்ணுல சேர்ற நைட்ரஜன் 251 மடங்கு, பக்கத்துப் பாறையில மீனோட மொத்த எடை 48 சதவீதம் கூட.

சரி, கடல்ல கரைஞ்சுபோன நைட்ரஜன் பறவைகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். நைட்ரஜன் அணுவுல ரெண்டு வகை, எடை 14 உள்ளது 99.6 சதவீதம், கொஞ்சம் கனமான 15 மிச்சம். உடம்பு கழிவை வெளிய தள்ளும்போது லேசான 14 கொஞ்சம் கூடுதலா போயிடும், 15 தங்கிடும், முறத்துல புடைக்கும்போது பதர் பறந்து நெல் நிக்கிற மாதிரி. மிதவை உயிரியைச் சின்ன மீன் தின்னு, அதைப் பெரிய மீன் தின்னு, அதைப் பறவை தின்னுன்னு ஒவ்வொரு படியிலயும் 15ஓட பங்கு ஆயிரத்துக்கு மூணு போல ஏறிட்டே போகும். இது போதாதுன்னு எச்சம் மண்ணுல கிடக்கும்போது அமோனியாவா ஆவியாகுது பாருங்க, அதுலயும் 14தான் முந்திக்கிட்டுப் பறக்கும், மிச்சம் இன்னும் கனமாகிடும். கடைசில அந்தத் தீவோட செடி இலை, பாறை மேல உள்ள பாசி, கடற்பஞ்சு, பாசி தின்ற மீனோட சதை, எதை எடுத்து, அணுக்களை எடைவாரியாப் பிரிச்சுக் காட்டுற நிறை நிறமாலைமானிக் கருவியில போட்டாலும் அதே கனமான கையெழுத்து தெரியுது. எலி இருக்கிற தீவுப் பக்கம் அது மங்கலா இருக்கு.

இப்போ அக்கா கேள்விக்கு வரேன். எச்சத்துல நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்தே வருது. வயல்லேர்ந்து வர்ற தண்ணில நைட்ரேட் அளவுக்கு மீறி இருக்கும், பாஸ்பரஸ் அந்த அளவுக்கு வராது, அப்போ உள்ள இருக்கிற பாசி வேகமா பெருகி பாஸ்பரஸ் பத்தாம திணறும், அந்த நிலையில கடல் சூடானா பவளம் சீக்கிரம் வெளுத்துடும். இதை 2013லயே ஆய்வுக்கூடத்துல காட்டிட்டாங்க. அதனால நைட்ரஜன் கெட்டதா நல்லதான்னு தனியா கேட்டா பதில் வராது, கூட என்ன வருதுன்னு பாக்கணும்.

என் அபிப்ராயம், பவளத்துண்டை ஒட்டி வளர்க்கிற வேலைக்குக் கிடைக்கிற பணத்துல ஒரு பங்காவது தீவுல எலி ஒழிக்கப் போகணும். பவளம் நடுறதைப் போட்டோ எடுக்கலாம், எலிப்பொறியை யாரும் ஷேர் பண்ணமாட்டாங்க, அதுக்காக ஒதுக்கிவைக்கிறது தப்பு. நம்ம ரவுண்ட் ஐலண்ட்ல ஆட்டையும் முயலையும் 1986க்குள்ள அப்புறப்படுத்தினாங்க, செடி கொடி திரும்பி வந்துச்சு, எலி அங்க எப்பவுமே குடியேறினதில்ல. அதனால அங்க போற ஒவ்வொரு படகையும் ஒவ்வொரு பையையும் எலி இருக்கான்னு சலிக்காம பாத்துக்கிட்டே இருக்கணும், அந்தக் காவலுக்கு வருஷா வருஷம் காசு ஒதுக்கியே ஆகணும்.